பழைய டிஜிட்டல் ரெக்கார்டரைப் புதுக் கணினியோடு பேசவைப்பது எப்படி?

"இனிமேல் எனக்கு எதுக்கு, நீயே வெச்சுக்கோ" என்று யாரோ கொடுத்த ரெக்கார்டர் ஒன்று உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் எட்டு டிராக்குக்கும் (தனித்தனியாகப் பதியும் ஒலிப் பாதைகள்) தனித்தனி மீட்டர், பின்பக்கம் உங்கள் மடிக்கணினியில் எங்குமே பொருந்தாத துளைகள், கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய டேப். விசாரித்தால் ஒருவர் டிரைவர் மென்பொருளை மாற்று என்பார், இன்னொருவர் பழைய கணினி ஒன்று வாங்கு என்பார், மூன்றாமவர் தூக்கிப் போடு என்பார். மூன்று பேர் சொல்வதும் சில நேரம் சரிதான். எந்த நேரத்தில் யார் சொல்வது சரி என்பதுதான் விஷயம்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே பதிவாகிக் கிடக்கும் ஒலி மட்டும் போதுமா, இல்லை அந்தப் பெட்டியை வைத்து இன்றைக்கும் பதிவு செய்ய ஆசையா? ஒலி மட்டும் போதும் என்றால் வேலை பாதியாகக் குறைந்துவிடும், ஒரே ஒரு முறை நன்றாக ஓடினால் போதும், அப்புறம் அது செத்தாலும் கவலையில்லை. தினமும் பயன்படுத்த வேண்டும் என்றால் கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த வேலையில் எனக்குப் புரிந்த ஒரு விநோதம் உண்டு. ரொம்பப் பழையது சுலபம், நடுவயதுதான் தொல்லை. அலெசிஸ் நிறுவனம் 1991-இல் அறிவித்த ஏடாட் என்ற எட்டு டிராக் டிஜிட்டல் டேப் ரெக்கார்டரின் ஆப்டிகல் துளையை இன்றைக்குக் கடையில் வாங்கும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸில், அதாவது ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டியில், நேரடியாகச் சொருகலாம், எட்டு டிராக்கும் அப்படியே வரும். அதற்குப் பல வருஷம் கழித்து, ஃபயர்வயர் என்ற கணினி இணைப்பு முறையில் வந்த இன்டர்ஃபேஸ்களோ மொத்தமாகத் திணறுகின்றன. காரணம் சிக்கலானது இல்லை. ஏடாட் பெட்டிக்குக் கணினி என்று ஒன்று இருப்பதே தெரியாது, அது தன் பாட்டுக்கு ஒலியை வெளியே அனுப்பும். ஃபயர்வயர் பெட்டியோ டிரைவர் என்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாய் திறக்காது, அந்த டிரைவரை எழுதியவர்கள் எழுதுவதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. ஆகவே எந்தப் பழைய பெட்டி கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது, டிரைவரே தேவைப்படாமல் ஒலியை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்றுதான்.

சுவிட்சைப் போடும் முன்

பல வருஷம் மின்சாரமே பார்க்காத பெட்டியை உடனே பிளக்கில் சொருகி, கையில் இருக்கும் ஒரே மாஸ்டர் டேப்பை உள்ளே தள்ளாதீர்கள். பவர் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் காய்ந்தோ கசிந்தோ போயிருக்கலாம். ரப்பர் உருளைகள் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், இல்லையென்றால் தார் மாதிரி இளகியிருக்கும். மூடியைக் கழற்றிப் பழக்கமில்லை என்றால் மின்னணுச் சாதனம் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைக்குள் அடி கொடுக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கும்.

டேப் இயந்திரம் என்றால், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு டேப்பை முதலில் போட்டுப் பாருங்கள். உள்ளே இழுத்துக்கொள்கிறதா, முழுக்க முன்னும் பின்னும் சுற்றுகிறதா, வெளியே துப்புகிறதா? இந்த மூன்றும் நடந்த பிறகுதான் நல்ல டேப். அதற்கும் முன்னால் பதிவுத் தடையைப் போட்டுவிடுங்கள். ஏடாட் பயன்படுத்துவது எஸ்-விஹெச்எஸ் கேசட், அதன் முதுகில் உள்ள பிளாஸ்டிக் பட்டையை உடைத்தால் யாரும் தெரியாமல்கூட மேலே பதிய முடியாது. டாட் என்னும் சின்ன டிஜிட்டல் கேசட்டிலும், டாஸ்காம் டிஏ-88 போன்ற எட்டு டிராக் இயந்திரங்கள் பயன்படுத்தும் ஹை8 கேசட்டிலும் நகர்த்தும் பொத்தான் இருக்கும். எட்டு டிராக் இயந்திரத்தில் பதிவுப் பொத்தான்கள் வரிசையாக விரலுக்கு வாகான இடத்தில் இருப்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த டேப்பையும் இயந்திரத்தையும் சில மணி நேரம் ஒரே அறையில் விட்டுவைத்துவிட்டு ஓட்டுங்கள். சுழலும் தலையில் ஈரம் படிந்திருந்தால் டேப் ஒட்டிக்கொண்டு சிக்கும்.

ஹார்ட் டிஸ்க் உள்ள ரெக்கார்டர் என்றால் வேறு பயம். அந்த வட்டு இன்னும் எத்தனை முறை சுழலும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்தால் பெட்டியை இயக்கும் முன்பே வட்டைக் கழற்றி, ஐடிஇ என்ற பழைய வட்டு இணைப்பிலிருந்து யூஎஸ்பி-க்கு மாற்றும் அடாப்டரில் சொருகி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு வட்டையும் ஒரே கோப்பாக நகல் எடுத்துவிடுங்கள். இந்த நிரல் நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும், எங்கே விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்ளும், அதனால் நடுவில் நின்றாலும் தொடரலாம். விண்டோஸில் வட்டைச் சொருகினால் "இதை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும். அதற்குத் தெரியாத வடிவம் என்பதால் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள். அவசரத்தில் சரி என்று அழுத்தியவர்கள் இருக்கிறார்கள். வட்டு கடகடவென்று தட்டும் சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், மறுபடி மறுபடி முயன்று பார்ப்பதுதான் அதைக் கொல்லும்.

பின்பக்கத்தைப் படியுங்கள்

கைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தை நிதானமாகப் பாருங்கள், முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரித் தோன்றும் துளைகளுக்குள் வேறு வேறு மொழி ஓடும்.

சதுரமான ஆப்டிகல் துளையில் இரண்டு விதம் உண்டு. டாட், மினிடிஸ்க், சிடி பிளேயர் போன்றவற்றில் அது எஸ்பிடிஃப், அதாவது இரண்டே சேனல். ஏடாட் பெட்டிகளிலும் அதைப் பின்பற்றியவற்றிலும் அதே துளை, அதே கேபிள், ஆனால் 48 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு 48,000 முறை அளப்பது) வரை எட்டு சேனல். பல இன்டர்ஃபேஸ்களில் எந்த மொழி என்று மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கேபிள் சரி, விளக்கும் எரிகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் பாதி நேரம் இந்தத் தேர்வுதான் தப்பாக இருக்கும்.

வட்டமான ஆர்சிஏ துளையில் எஸ்பிடிஃப் வந்தால் 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய வீடியோ கேபிள், அந்த மஞ்சள் முனை உள்ளது, அருமையாக வேலை செய்யும். மைக் கேபிள் போன்ற மூன்று முள் எக்ஸ்எல்ஆரில் டிஜிட்டல் என்று எழுதியிருந்தால் அது ஏஇஎஸ், ஸ்டுடியோக்களின் இரண்டு சேனல் டிஜிட்டல் முறை, அதற்கு 110 ஓம் கேபிள். சின்ன நீளத்துக்கு மைக் கேபிளிலும் ஓடும், நீளம் கூடினால் தகராறு செய்யும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது 25 முள் உள்ள டி வடிவ இணைப்பு. டிஏ-88 வகைப் பெட்டியில் அது டிடிஃப், எட்டு சேனல் டிஜிட்டல், போகவும் வரவும். வேறொரு பெட்டியில் அதே வடிவத்தில் எட்டு சேனல் அனலாக். பழைய மேக் கணினியிலும் சில சாம்ப்ளர்களிலும் (ஒலித் துண்டுகளை வாசிக்கும் கருவிகள்) அது ஸ்கஸி, வட்டுகளை இணைக்கும் பழைய முறை. பழைய பிசியில் பிரிண்டர் துளை. முள் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை இன்னொன்றில் சொருகினால் ஏதோ ஒன்று புகையும். துளைக்கு மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

டிடிஃப் உள்ளீடு இருக்கும் புது இன்டர்ஃபேஸைத் தேடி அலைவதைவிட டிடிஃப்-ஐ ஏடாட் ஆப்டிகலாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் சந்தையில் தேடுவது உத்தமம். அதுவும் கிடைக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் அனலாக் வழியாக எடுத்துவிடுங்கள். நல்ல இன்டர்ஃபேஸ் ஒன்றில் எட்டு லைன் உள்ளீடு இருந்தால் போதும், கேட்டுக் கண்டுபிடிக்கிற அளவுக்கு வித்தியாசம் வராது. "டிஜிட்டலாகவே எடுக்க வேண்டும்" என்று பிடிவாதமாகக் காத்திருந்து, அதற்குள் இயந்திரம் படுத்துவிட்டால் இரண்டும் போச்சு.

கிளாக்: இங்கேதான் எல்லோரும் சறுக்குவது

டிஜிட்டலாக இணைக்கும்போது ஒரு விதி. எத்தனை பெட்டி இருந்தாலும் ஒருவர்தான் தாளம் போட வேண்டும், மற்றவர்கள் அதைப் பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு படிகம் நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ எண்ணிக்கொண்டிருக்கிறது, அதுதான் கிளாக், ஆனால் எந்த இரண்டு படிகமும் துல்லியமாக ஒன்றாக எண்ணுவதில்லை. இரண்டும் தனித்தனியாக எண்ணினால் அவ்வப்போது ஒரு சாம்பிள், அதாவது ஒலியின் ஓர் அளவீடு, கூடும் அல்லது விழும், அந்த இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

நான் முதன்முதலில் ஒரு ஏடாட் டேப்பை மாற்றியபோது இதைச் செய்து தொலைத்தேன். எஸ்-விஹெச்எஸ் 120 டேப்பில் ஏடாட் சுமார் 40 நிமிடம் பதியும், அந்த 40 நிமிடமும் இன்டர்ஃபேஸ் தன் சொந்தக் கிளாக்கில் இருந்தது. டிரம்ஸ் ஓடும் இடங்களில் ஒன்றும் தெரியவில்லை, மீட்டர்கள் அழகாக ஆடின, நானும் அடுத்த டேப்புக்குப் போய்விட்டேன். ராத்திரி ஹெட்போனில் ஒரு தனிக் குரல் பகுதியைக் கேட்டபோது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நகம் தட்டுவது போல ஒரு டிக், சில நொடி கழித்து இன்னொன்று. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளைவு சீராக இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு படி தாவி வேறு இடத்தில் தொடர்கிறது. எட்டு டிராக்கிலும் அதே புள்ளியில். டேப் தேய்மானம் என்றால் இப்படி எல்லா டிராக்கிலும் ஒரே மாதிரி, கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் வராது. மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. டேப்பை ஓடவிட்டு, இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து, கிளாக் எங்கிருந்து என்ற இடத்தில் 'இன்டர்னல்' என்பதை மாற்றி, கேபிள் சொருகிய அந்த ஆப்டிகல் அல்லது எஸ்பிடிஃப் உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். 'லாக்' என்று காட்ட வேண்டும். அப்புறம் பதிவு மென்பொருளின் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை சாம்பிள்) டேப்பின் ரேட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். 48-இல் பதிந்ததை 44.1 என்று எண்ணிக்கொண்டு ஓட்டினால் 10 நிமிடப் பாட்டு 10 நிமிடம் 53 நொடிக்கு நீளும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். பாடகர் ஜலதோஷத்தோடு பாடிய மாதிரி இருந்தால் இதுதான். ஏடாட்டின் சுருதி மாற்றும் பொத்தானும் பூஜ்யத்தில் இருக்கட்டும், அது நகர்ந்திருந்தால் கிளாக்கே நகரும்.

16 பிட் (ஒவ்வொரு சாம்பிளையும் எழுதும் எண்ணின் நீளம்) டேப்பை 24 பிட் கோப்பாக எடுப்பதில் தப்பில்லை, கீழே பூஜ்யங்கள் நிரம்பும், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், ஏடாட் வரிசையில் பின்னால் வந்த 20 பிட் இயந்திரங்களில் பதிந்த டேப் முதல் தலைமுறை 16 பிட் இயந்திரத்தில் ஓடாது, ஆனால் 16 பிட் டேப் 20 பிட் இயந்திரத்தில் ஓடும். இயந்திரம் இனி வாங்கப் போகிறீர்கள் என்றால் பிந்தைய மாடலாகப் பாருங்கள்.

மூன்று ஏடாட்டை ஒன்றாக ஓட்டி 24 டிராக் பதிந்திருப்பார்கள், இன்றைக்கு உங்களிடம் ஒன்றுதான் ஓடுகிறது. பரவாயில்லை. ஒவ்வொரு டேப்பையும் தனியாக எடுத்து, எல்லாவற்றிலும் கசிந்திருக்கும் ஒரு கூர்மையான சத்தத்தை, குச்சித் தட்டல் மாதிரி, பிடித்து மென்பொருளில் வரிசைப்படுத்துங்கள். பாட்டின் கடைசியிலும் அதே மாதிரி ஒரு சத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க மறக்காதீர்கள், தொடக்கம் சரியாக இருந்து முடிவு கொஞ்சம் நழுவியிருக்கலாம்.

டாட் டேப்புக்கு இரண்டு எச்சரிக்கை

சோனி 1987-இல் கொண்டுவந்த டாட், இரண்டு சேனல், 16 பிட். ஒரே டேப்பில் ஒரு பாட்டு 48-இலும் அடுத்தது 44.1-இலும் இருக்கும், நீண்ட நேரப் பதிவு என்றால் 32-ஆகக்கூட இருக்கும். முழு டேப்பையும் ஓடவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் ரேட் மாறும் இடத்தில் பதிவு குழம்பிவிடும். முதல் முறை இயந்திரத்தின் திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, எந்த நிமிடத்தில் எந்த ரேட் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எம்ஃபசிஸ். சில பழைய பதிவுகளில் உயர் சுருதிகளைத் தூக்கிப் பதிந்துவிட்டு, ஓட்டும்போது இறக்குவதற்கான கொடியை டேப்பில் எழுதிவைப்பார்கள். டேப் இயந்திரத்தின் அனலாக் வெளியீடு அந்தக் கொடியைப் பார்த்து இறக்கிவிடும், டிஜிட்டல் வெளியீடு அப்படியே அனுப்பும், உங்கள் மென்பொருளோ கொடியைக் கண்டுகொள்ளாது. விளைவு, ஒலி கீச்சென்று மெல்லியதாக இருக்கும். ஈக்வலைசரைக் கையால் திருகாதீர்கள். சாக்ஸ் (SoX) என்ற ஒலி நிரலில் டீஎம்ஃப் (deemph) என்று இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, கணக்குப்படி இறக்கிவிடும்.

கணினித் தரவுக்காகச் செய்த டிடிஎஸ் (DDS) டேப் டிரைவ்கள் சிலவற்றில், குறிப்பாக சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளுக்கான ஃபர்ம்வேர் கொண்டவற்றில், ஒலி டாட் டேப்பைக் கோப்பாகவே படிக்கலாம், நிகழ்நேரத்தைவிட வேகமாக. நூற்றுக்கணக்கில் டேப் இருந்தால் தேடுங்கள். பத்து இருபது என்றால் ஒரு நல்ல டாட் டெக், ஒரு ஆப்டிகல் கேபிள், கொஞ்சம் பொறுமை போதும்.

(ஒரு கிளைக்கதை. 44,100 என்ற வினோதமான எண் எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப்தான் இருந்தது. படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று சாம்பிள் எழுதினார்கள். 245 கோடு, நொடிக்கு 60 புலம் (அதாவது அரைப் படம்), 3 சாம்பிள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடு, 50 புலம், 3 சாம்பிள், அதுவும் 44,100. ஒலியை இப்படி வீடியோவாக்கிய அந்தக் கால அடாப்டர்களில், உதாரணமாக 1981-இல் வந்த சோனி பிசிஎம்-எஃப்1-இல், பதிந்த டேப்புகள் உங்கள் கையில் கிடைத்தால் சாதாரண வீடியோ பிளேயரில் போட்டுப் பாருங்கள், திரை முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருக்கும். அதுதான் பாட்டு. அமெரிக்க வண்ண வீடியோ முறையில் பதிந்தவை 44,056 ஹெர்ட்ஸ் என்பதால் மாற்றும்போது கவனம் வேண்டும்.)

ஃபயர்வயர்: நடுவயதுத் தொல்லை

இனி நடுவயதுக்காரர்களுக்கு வருவோம். ஒரு காலத்தில் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் என்றாலே ஃபயர்வயர்தான். உள்ளே இருக்கும் மைக் ப்ரீஆம்ப்கள் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதிகள்) இன்றைக்கும் குறையில்லாமல் இருக்கும், கணினிதான் அதை அடையாளம் காணாது.

முதலில் செய்யக்கூடாதது. ஒரு முனையில் ஃபயர்வயர், மறுமுனையில் யூஎஸ்பி என்று மலிவாக விற்கும் முனைமாற்றிகளை வாங்காதீர்கள். இரண்டும் அடிப்படையிலேயே வேறு, முள்ளை மாற்றினால் மொழி மாறாது. அப்புறம், ஆறு முள் ஃபயர்வயரில் மின்சாரமும் வரும், 30 வோல்ட் வரை போகலாம், அதைத் தலைகீழாக அழுத்திச் சொருகினால் துளை செத்துவிடும். இரண்டு பக்கமும் அணைத்துவிட்டுச் சொருகுங்கள்.

விண்டோஸ் மேசைக்கணினி என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றை வாங்கிப் போடுங்கள், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து. ஆடியோவுக்கு அதுதான் வம்பில்லாதது என்று வெகுகாலமாகப் பெயர். அதன் பிறகும் தடுமாறினால் மைக்ரோசாஃப்ட் தனியாகக் கொடுத்த 'லெகசி' ஃபயர்வயர் டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவராக அதைக் கையால் தேர்ந்தெடுங்கள், பல பெட்டிகள் அதில்தான் உயிர் பெறும். இன்டர்ஃபேஸின் டிரைவர் 32 பிட்டுக்கு மட்டுமே வந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், விண்டோஸ் 11-இல் 64 பிட் தவிர வேறு கிடையாது, 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. 64 பிட் டிரைவர் இருந்தும் ஏற மறுத்தால் பாதுகாப்பு அமைப்புகளில் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்பதைப் பாருங்கள், பழைய டிரைவர்களை அது தடுக்கும். அணைத்தால் ஓடலாம், ஆனால் வங்கி வேலையும் அதே கணினியில் பார்க்கிறீர்கள் என்றால் நான் அணைக்க மாட்டேன்.

மேக் என்றால் கொஞ்ச காலம் முன்பு வரை ஒரு வழி இருந்தது. தண்டர்போல்ட் 3-இலிருந்து தண்டர்போல்ட் 2-க்கு ஒரு அடாப்டர், அதிலிருந்து ஃபயர்வயர் 800-க்கு இன்னொன்று, அதிலிருந்து 400-க்கு ஒரு கேபிள் என்று ரயில்பெட்டி மாதிரி கோத்துப் போவார்கள், அதுவும் ஓடும். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ஆகவே புது மேக்கில் இந்தக் கதவு மூடிவிட்டது, பழைய மேக்ஓஎஸ் இருக்கும் மேக்கை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் திறந்திருக்கிறது.

லினக்ஸ் இந்த விஷயத்தில் தனி உலகம். பல ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ்களுக்கான டிரைவர்கள் கர்னல் என்ற அதன் மையப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன, ஃபயர்வயர் அடிப்படையை 2029 வரை பராமரிப்பதாகத் திட்டமும் இருக்கிறது. ஃபயர்வயர் ஒலிக் கருவிகளுக்கான எஃப்எஃப்ஏடிஓ (FFADO) என்ற திட்டத்தின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். லினக்ஸ் தெரியாது என்று பயப்பட வேண்டாம், பழைய மேசைக்கணினி ஒன்றில் ஒரு சனிக்கிழமை செலவழித்தால் போதும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம். ஃபயர்வயர் இன்டர்ஃபேஸில் ஏடாட் ஆப்டிகல் வெளியீடு இருக்கிறதா? அப்படியானால் அதைக் கணினியோடு இணைக்கவே வேண்டாம். ஏதாவது ஒரு பழைய கணினியில், கடன் வாங்கியாவது, ஒரே ஒரு முறை இணைத்து, மைக் உள்ளீடு ஒன்று முதல் எட்டு வரை ஏடாட் வெளியீட்டுக்குப் போகட்டும் என்று அமைத்துப் பெட்டிக்குள்ளேயே சேமித்துவிடுங்கள். கணினி இல்லாமல் தனியாக இயங்கும் வசதி உள்ள பெட்டிகள் அந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும், சிலவற்றில் முகப்புப் பொத்தான்களிலேயே இதைச் செய்யலாம். அப்புறம் ஃபயர்வயர் கேபிளை மூட்டை கட்டிவிட்டு, ஆப்டிகல் கேபிளைப் புது யூஎஸ்பி இன்டர்ஃபேஸின் ஏடாட் உள்ளீட்டில் சொருகுங்கள். பழைய பெட்டி இனி வெறும் எட்டு சேனல் மைக் ப்ரீஆம்ப். டிரைவர் இல்லை, அப்டேட் பயம் இல்லை. கிளாக் விதி மட்டும் மேலே சொன்னதுதான்.

யூஎஸ்பி-யிலேயே வந்த பழைய இன்டர்ஃபேஸ்கள் அவ்வளவு மோசமில்லை, கிளாஸ் கம்ப்ளையன்ட் வகை என்றால் டிரைவரே இல்லாமல் ஓடும். புது யூஎஸ்பி 3 துளையில் திக்கினால் நடுவில் ஒரு பழைய யூஎஸ்பி 2 ஹப்பைச் சொருகிப் பாருங்கள், சிரிக்காதீர்கள், பல முறை கைகொடுத்திருக்கிறது. கணினிக்குள் சொருகும் பழைய பிசிஐ ஒலிக் கார்டுகளுக்குப் புது மதர்போர்டில் இடமே இல்லை. மாற்றி பிரிட்ஜ்கள் உண்டு, எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. எம்-ஆடியோ டெல்டா வகைக் கார்டு வைத்திருப்பவர்கள் பிசிஐ உள்ள ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டுவது மேல், கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது.

வட்டில் இருக்கும் கோப்புகள்

பழைய மேக்கில் பதிந்தவை பெரும்பாலும் சவுண்ட் டிசைனர் 2 கோப்புகளாக இருக்கும், சுருக்கமாக எஸ்டி2. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒலித் தரவு ஒரு பக்கமும், சாம்பிள் ரேட், பிட், சேனல் எண்ணிக்கை போன்ற விவரங்கள் 'ரிசோர்ஸ் ஃபோர்க்' என்ற கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பக்கமும் இருக்கும். அந்தக் கோப்பை விண்டோஸ் வடிவ பென்டிரைவில் வேறொரு கணினி வழியாகக் கொண்டுபோனால் இரண்டாவது பக்கம் வழியிலேயே உதிர்ந்துவிடும், அப்புறம் எந்த மென்பொருளும் அதை ஒலி என்றே ஒப்புக்கொள்ளாது.

உதிர்ந்துவிட்டதா? ஒலி போகவில்லை. ஆடாசிட்டியில் 'ரா டேட்டா' இறக்குமதியைத் தேர்ந்தெடுத்து, 16 பிட் சைன்ட், பிக் எண்டியன் (பைட்டுகளின் வரிசை), மோனோ, 44,100 என்று கொடுங்கள். அருவி கொட்டுவது போல இரைச்சல் வந்தால் பிட்டையோ எண்டியனையோ மாற்றுங்கள், 24 பிட்டாக இருக்கலாம். சுருதி ஏறியோ இறங்கியோ இருந்தால் ரேட்டை மாற்றுங்கள். இரண்டு மூன்று முயற்சியில் திடீரென்று இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு கிட்டார் தெளிவாக எழுந்து வரும். அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

வட்டே திறக்கவில்லை என்றால் வடிவத்தைப் பாருங்கள். மேக் வட்டுகளின் பழைய ஹெச்எஃப்எஸ் வடிவத்தை மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து, அதாவது 2019 முதல், புது மேக்குகள் படிப்பதே இல்லை. லினக்ஸின் ஹெச்எஃப்எஸ்யுட்டில்ஸ் படிக்கும், மேக்பைனரி முறையில் நகலெடுத்தால் ரிசோர்ஸ் ஃபோர்க்கும் கூடவே வரும். ஸ்கஸி வட்டு, சாம்ப்ளர் என்று போனால் ப்ளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி போன்ற எஸ்டி கார்டு மாற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சாதனத்துக்கும் வேறு வேறு எண், சங்கிலியின் இரு முனையிலும் டெர்மினேஷன் (முனையை முடித்துவைக்கும் மின்தடை), இந்த இரண்டையும் சரிபார்த்தால் ஸ்கஸியின் பாதிப் பேயை ஓட்டிவிடலாம். ஃபிளாப்பிகளைப் படிக்க கிரீஸ்வீசில் என்ற யூஎஸ்பி அட்டை இருக்கிறது.

ரோலண்ட் விஎஸ்-880 மாதிரி தூக்கிச் செல்லக்கூடிய ஸ்டுடியோக்கள் தங்களுக்கென்றே ஒரு வடிவத்தில் எழுதும், வட்டைக் கழற்றிப் பார்த்தால் கணினிக்கு ஒன்றும் புரியாது. இங்கே நிதானமான வழிதான் நல்ல வழி. எஸ்பிடிஃப் வெளியீட்டில் இரண்டிரண்டு டிராக்காக, இடதில் ஒன்று வலதில் ஒன்று, எஃபெக்ட்டும் ஈக்வலைசரும் இல்லாமல், நிகழ்நேரத்தில் ஓட்டி எடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் பாட்டின் பூஜ்யத்திலிருந்தே தொடங்குங்கள், அப்போதுதான் பின்னால் அடுக்குவது சுலபம்.

மென்பொருளே பழையதென்றால்

பழைய செஷன் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும், ஆனால் அந்த மென்பொருள் மேக்ஓஎஸ் 9-இலோ விண்டோஸ் 98-இலோதான் ஓடும் என்றால், முதலில் கோப்புறையைப் பாருங்கள். ப்ரோ டூல்ஸ் என்ற பதிவு மென்பொருளின் செஷன் என்பது பெரும்பாலும் வெறும் குறிப்பேடுதான், நிஜ ஒலி பக்கத்திலேயே தனிக் கோப்புறையில் துண்டு துண்டாக இருக்கும். துண்டுகள் மட்டும் போதுமென்றால் மென்பொருளே வேண்டாம். எந்தத் துண்டு எங்கே வரும் என்பது தெரிய வேண்டுமானால்தான் அதைத் திறக்க வேண்டும்.

ஷீப்ஷேவர், 86பாக்ஸ் போன்ற எமுலேட்டர்களில் (பழைய கணினி மாதிரி நடிக்கும் நிரல்கள்) பழைய இயங்குதளத்தை எழுப்பி, செஷனைத் திறந்து, டிராக்குகளைப் பூஜ்யத்திலிருந்து முழு நீளக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம். அதற்கு மட்டும்தான் அவை. எமுலேட்டருக்குள் நேரடியாகப் பதிவு செய்ய முயலாதீர்கள், தாமதமும் விக்கலும் தாங்காது. பிரிண்டர் துளையில் சொருகும் டாங்கிள் (உரிமத்துக்கான சாவி) கேட்கும் மென்பொருள் என்றால் எமுலேட்டரில் பெரும்பாலும் நடக்காது, நிஜக் கணினிதான்.

தினமும் பழைய அமைப்பிலேயே வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு என் யோசனை இது. அந்தக் காலக் கணினி ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், அதை இணையத்தோடு இணைக்கவே வேண்டாம், எல்லாம் ஓடத் தொடங்கிய நாளன்று வட்டின் முழு நகல் ஒன்றை எடுத்துப் பூட்டிவையுங்கள். மேக் என்றால் மேக்ஓஎஸ் மொஹாவி வரை 32 பிட் நிரல்கள் ஓடும், இன்டெலுக்கு முந்தைய பவர்பிசி சிப்புக்கான நிரல்கள் ஸ்னோ லெப்பர்ட் பதிப்போடு சரி. மதர்போர்டின் வட்ட பேட்டரியை மாற்றுங்கள், சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டியோ சிஎஃப் கார்டோ போடுங்கள். அந்தக் கணினியிலிருந்து புதுக் கணினிக்கு ஒலி போக வேண்டுமா, மறுபடி அதே ஆப்டிகல் கேபிள்.

எடுத்து முடித்ததும் எல்லாவற்றையும் வேவ் கோப்பாக வையுங்கள், பெயரில் டேப் எண், டிராக் எண், சாம்பிள் ரேட் மூன்றும் இருக்கட்டும். மீட்டரைப் பார்த்து நம்பாமல் ஹெட்போனில் ஒரு முறை கேளுங்கள், குறிப்பாக மெல்லிய பகுதிகளை. டேப் உறையில் கையால் எழுதியிருப்பதையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள், "டிராக் 6 வேண்டாம், 7-இல் உள்ளதே நல்லது" என்று யாரோ பென்சிலில் எழுதியிருப்பது கோப்பில் எங்கேயும் இருக்காது. டேப்பைத் தூக்கிப் போட வேண்டாம், கடைசி வரை சுற்றி, நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.